ஊஃபருக்கு இடம் பார்த்த வீடுகள்

மற்ற சத்தத்தையெல்லாம் காது கேட்கும், பேஸை மட்டும் வீடு கேட்கும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

வீட்டிலேயே சினிமா பார்க்க, பாட்டுக் கேட்க என்று ஸ்பீக்கர் செட் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு பெரிய கறுப்புப் பெட்டியும் வாங்குவார்கள். பேஸ் என்கிற, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரியான கனத்த சத்தம் மட்டும் அதிலிருந்து வரும். சப்வூஃபர் என்று பெயர். தாம்பரம் பக்கத்தில் ஊஃபர் என்றால் போதும். எங்கள் வீட்டில் வெறும் பொட்டி. அந்தப் பொட்டியை ஹாலில் எங்கே வைத்தால் சத்தம் ஒழுங்காக வரும் என்று அளந்து பார்த்து, வைத்துக் கொடுத்துவிட்டு வருவதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் என் கணவரும். அவர் முன்பு கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் செட் கட்டியவர். இந்தத் தொழிலில் காது அவருடையது. மைக்கும் லேப்டாப்பும் என்னுடையவை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு லேப்டாப்பைச் சொல்லிக் கொடுத்தவள் எங்கள் மகள். "கோடு ஏறினா சத்தம் அதிகம், எறங்கினா கம்மி, அவ்ளோதாம்மா" என்றாள். உண்மையிலேயே அவ்வளவுதான். கவலைப்படுகிற வேலையும் என்னுடையதே. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கணவன் தொழிலில் கொஞ்சம் கை கொடுக்கப் போய் முழுசாக மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? டிரைவர் பெண்டாட்டி ரோட்டை நினைத்துக் கவலைப்படுவாள். டெய்லர் பெண்டாட்டி அவர் கண்ணை நினைத்து. நான் காதை நினைத்து. போன மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் என் கணவர் நாற்காலியில் சாய்ந்தபடி, "தேவகி, எனக்குக் காது போயிடுச்சு" என்றார். காது போனால் தொழில் போச்சு. அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் நாங்கள் போய் வந்த வீடுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தவழும் வேலை

பொட்டிக்கு இடம் பார்ப்பது ஒரு தலைகீழ் வேலை. படம் பார்க்கிறவர் எந்த சோபாவில் உட்காருவாரோ அந்த சோபாவின் மேல் முதலில் பொட்டியைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஊம் என்று மெல்ல ஏறி இறங்கும் ஒரு சத்தத்தை அதில் ஓடவிட வேண்டும். பிறகு நாம் தரையில் முட்டி போட்டு, சுவர் ஓரமாகவே ஹாலைச் சுற்றித் தவழ வேண்டும். எந்த இடத்தில் சத்தம் கூடாமல் குறையாமல் ஒரே சீராகக் காதில் விழுகிறதோ, அதுதான் பொட்டியின் இடம். அப்புறம் பொட்டி நம் இடத்துக்கு வந்துவிடும், சோபா அவருக்குப் போய்விடும். தவழ்ந்து கண்டுபிடித்ததை மைக் வைத்து அளந்து சரிபார்த்துக்கொள்வோம். என் கணவருக்கு முதுகு வளையாது. எனக்கு முட்டி வலி. வளையாத முதுகைவிட வலிக்கிற முட்டி பரவாயில்லை என்று நான்தான் தவழ்வேன்.

மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி கூப்பிட்டிருந்தார். அங்கே என்ன தொல்லை என்றால், கீழே தண்ணீர் லாரி போனால் அதன் உறுமலும் எங்கள் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். லேப்டாப்பில் கோடு சும்மாவே எகிறும். "லாரி போகட்டும்" என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைக்கிற அமைதியில் தவழ்ந்துவிட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டுதான் தவழ்வேன். அப்போது ஹால் ஹாலாக இருக்காது, ஏரியாகிவிடும். சத்தம் முழங்கையில் வந்து தட்டும், விலகும், ஓர் இடத்தில் கழுத்தளவு நிற்கும், அடுத்த இடத்தில் வற்றிப் போகும். யார் வீடு, என்ன கிழமை, அடுப்பை அணைத்தேனா என்பதெல்லாம் மறந்து போகும். எனக்குக் கவலை இல்லாத நேரம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அன்றும் அப்படியே மிதந்துகொண்டு போனேன். கை எதிலோ இடித்தது. கண்ணைத் திறந்தால் ஒரு ஜோடிக் கால். தம்பியின் மாமியார் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "இங்க வந்து பாருடி, நம்ம குட்டி இன்னும் குப்புறவே விழலை, ஊஃபர்காரம்மா தவழவே ஆரம்பிச்சுட்டாங்க!"

ஒன்றுமே இல்லாத இடம்

நாங்கள் முடிச்சூரில் இருக்கிறோம். முடிச்சூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே மழைதான் பெய்யும். ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர். அடுத்த தெருவில் செருப்பு நனையாமல் நடக்கலாம். ஹாலுக்குள் பேஸும் அப்படித்தான். பொட்டியிலிருந்து புறப்பட்டுப் போய் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும். திரும்பி வருவது, புதிதாக வருவதோடு ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்தால் நெஞ்சு அதிரும். இன்னோர் இடத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துத் தீர்த்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்தால் பொட்டி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. லேப்டாப் கோடு அந்த இடத்தில் தொபுக்கென்று இறங்கும் என்பதால் நாங்கள் அதைப் பள்ளம் என்போம். எல்லா ஹாலிலும் ஒரு பள்ளம் உண்டு. சுவர் வைக்காத ஒரு தனி அறை மாதிரி அது பாட்டுக்கு இருக்கும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். அவருக்குச் சண்டைப் படங்கள் வேண்டும். அவர் மனைவிக்குத் தும் தும் என்று கேட்டாலே தலைவலி. "இது வந்தா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று பொட்டியை இறக்கும்போதே சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது. ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டு வந்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி அந்த ஹாலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஜன்னலுக்கு முன்னால் ஓர் இடத்தில் நின்றார். "இங்க ஒண்ணுமே இல்லை" என்றார். நான் மைக்கைக் கொண்டுபோய் வைத்தேன். கோடு கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி இறங்கியது.

அந்த அம்மாவின் நாற்காலியை அங்கே போட்டோம். சார் ஒரு படத்தை ஓடவிட்டார். திரையில் மலை சரிந்தது, பாலம் உடைந்தது, சோபாவில் சாருக்கு வேட்டி நுனி ஆடியது. அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு காம்புகூட அசையவில்லை. கீரையை முறத்தில் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்து சொன்னது இது: "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்ல எனக்குன்னு ஒரு இடம் இப்பதாங்க கிடைச்சிருக்கு."

தொட்டிலும் காதும்

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஹால் நடுவில் கொக்கி மாட்டிப் புடவைத் தொட்டில் கட்டினோம். அதற்காக, காலாகாலமாகச் சுவரோரம் கிடந்த தன் பிரம்பு நாற்காலியை என் கணவர் தொட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கையால் தொட்டிலை ஆட்டுவார், மறு கையில் ரிமோட். எங்கள் ஹால் ஒரு சதுரம். மூலையில் எங்கள் சொந்தப் பொட்டி. குழந்தை தூங்கும்போது பேஸ் போடாதீர்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வேன். அவர் கேட்கமாட்டார். பாட்டு ஓடும். சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பாப்பா மட்டும் கையை மூடிக்கொண்டு அசையாமல் தூங்கும். "பாத்தியா? ரத்தம்! பேஸுக்கு அசையுதா பாரு என் பேத்தி" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். பால்காரருக்குக்கூடக் காட்டினார்.

பிறகு மகளும் பாப்பாவும் வேலூருக்குப் போய்விட்டார்கள். புடவையை அவிழ்த்துத் துவைத்து மடித்துவிட்டேன். கொக்கி மட்டும் தொங்கியது. அவர் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை. நானும் தள்ளச் சொல்லவில்லை. பாட்டுக் கேட்கும்போது அவர் கை தானாக உயர்ந்து, ஆட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், முட்டியின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். அப்படி ஒரு மத்தியானம்தான் காது போயிடுச்சு என்றார். பாட்டில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது இடது கை அடிக்கிற கனத்த சத்தம், காணோமாம். கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம், என்னிடம் சொல்லவில்லையாம்.

சமையலறை வாசலில் நின்று கேட்டேன். மேடையில் வாசிப்பதுபோல் அவ்வளவு நன்றாக இருந்தது. "எனக்கு நல்லாத்தானேங்க கேக்குது" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவர் பாட்டை நிறுத்தி, ரிமோட்டைத் தரையில் வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "உனக்குக் கேக்குது. எனக்குக் கேக்கலை. அப்ப கோளாறு பொட்டிலயா இருக்கு?"

சாமி மூலை

அதற்குப் பிறகு அவர் என்னோடு வாதாடுவதை விட்டுவிட்டார். சண்டை போடாத கணவனைப் பார்த்து எவ்வளவு பயம் வரும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கோவிலம்பாக்கத்தில் ஒரு வீடு. அந்த ஊரிலேயே பயிர் வைத்த குடும்பம், இப்போது சிமெண்ட், கம்பி வியாபாரம். புதிதாகக் கட்டிய ஹாலுக்குள் ஒரு மினி பஸ்ஸைத் திருப்பலாம். தவழ்ந்து பார்த்தேன், மைக் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டின. வடகிழக்கு மூலை. அங்கே தேக்குமரப் பூஜை மண்டபம் இருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாமியை எப்படி நகர்த்தச் சொல்வது? என் கணவர் பக்கம் திரும்பினேன். முன்பெல்லாம், "மைக் கெடக்குது, தள்ளு" என்று தானே ஒரு சுற்று நடந்து வேறு இடம் கண்டுபிடிப்பார். அன்று வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. பூஜை மண்டபத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

"அப்ப சாமிய இந்தாண்ட நவுத்துடலாமா?" என்றார் அந்த வீட்டு அண்ணன். வேண்டாங்க, செருப்பு ஸ்டாண்டு இருக்கிற இடமும் பரவாயில்லை, கொஞ்சம்தான் குறைச்சல் என்று நான் இழுத்தேன். கொஞ்சம் குறைச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெரிய மனுஷன் முகம் சுருங்கிப் போய் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கரண்டியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். விளக்கை ஒரு தடவை பார்த்தார், புருஷனை ஒரு தடவை பார்த்தார். என்னிடம் சொன்னார்: "சாமி பாட்டுக்குக் கம்முனு குந்திகினு கீறாரும்மா, அவரால இன்னா பேஜாரு? மொதல்ல இந்த மனுசன ஒரு மூலைல வெய்யி, பொட்டி எங்க வெச்சாலும் கேக்கும்!"

டபரா எழுந்து நின்ற வீடு

பெருங்களத்தூரிலிருந்து போன் வந்தது. நாங்கள் பொட்டி வைத்துக் கொடுத்த வீடுதான். பாங்கில் வேலை பார்க்கும் பெண், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. படத்துல ஹீரோ கதவைச் சாத்தினா எங்க வீட்டு டபரா எழுந்து நிக்குது" என்றார். தவறாக இருக்காது என்று வாய் சொன்னாலும் மனசு அடித்துக்கொண்டது. மைக்கை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். அளந்தேன். நான் விட்டுவிட்டு வந்த கோடு அங்கே இல்லை. எங்கேயோ மேலே போய் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வழக்கம் இது. இடம் பார்ப்பது, அளப்பது எல்லாம் நான். கடைசியில் பொட்டியின் பின்பக்கத்துக் குமிழைத் திருப்பி, எவ்வளவு சத்தம் போதும் என்று முடிவு செய்வது அவர். ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு நூல் கூட்டுவார், ஒரு நூல் குறைப்பார். சாப்பாட்டுக்கு உப்புப் பார்க்கிற மாதிரி. அதை நான் திரும்ப அளப்பதில்லை. அவர் காது வைத்த இடத்தில் நான் மைக் வைத்தால் அவருக்கு மரியாதை இல்லை. பெருங்களத்தூரில் குமிழைக் குறைத்துவிட்டு, "புதுப் பொட்டி, பழகப் பழக இப்படி ஆகும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் பயத்தோடு, சமீபத்தில் பொட்டி வைத்துக் கொடுத்த ஒரு செலையூர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் மேலே. கோவிலம்பாக்கத்துக்குப் போனேன். அங்கேயும் மேலே; அந்த அண்ணனுக்கு மட்டும் அது பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கோபப்படவில்லை, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. சானடோரியம் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், கூடிய சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்றும், அதுவரை ஒப்புக்கொண்ட வீடுகளை முடித்துவிடலாம் என்றும் சொன்னார். காது கெட்டவன் பேஸ் பார்ப்பது, கண் கெட்டவன் பஸ் ஓட்டுவது மாதிரி என்றார். குமிழைப் பற்றிக் கேட்டதற்குக் குனிந்த தலை நிமிராமல் சொன்னது: "எங்கிட்ட எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு தெரிஞ்சுதில்ல, அதை அங்க கூட்டி வெச்சேன்."

சத்தம் திரும்பாத அறை

அழுதும் மிரட்டியும் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே காதைச் சோதிக்க ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் ஸ்பாஞ்சு, தரையில் கம்பளம், தடித்த கதவு. துணைக்கு நானும் உள்ளே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் வெளியே ஜி.எஸ்.டி. ரோடு, பஸ், ரயில் எல்லாம் துணியால் துடைத்த மாதிரி மறைந்தன. ஒரு சுவரும் எதையும் திருப்பித் தரவில்லை. நான் விட்ட பெருமூச்சுகூட என்னிடம் திரும்பி வரவில்லை. வாழ்நாளெல்லாம் சுவர்கள் திருப்பி அனுப்புவதைக் கணக்குப் பார்த்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பஞ்சு மூட்டைக்குள் வைத்த கோலிக்குண்டு மாதிரி இருந்தேன். அங்கேயே கொஞ்சம் தூங்கலாம் என்றுகூடத் தோன்றியது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

சோதித்த பெண் எங்களை உட்கார வைத்து விளக்கினாள். கொலுசு, குருவி மாதிரி மெல்லிசான சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அது வயதானால் எல்லோருக்கும் வருவது. கனத்த சத்தம் முழுசாகக் கேட்கிறது, கவலையே வேண்டாம் என்றாள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பும்போது ரயில்வே கேட் தாண்டியதும் இவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அந்த ஹெட்போன்ல பேஸே இல்லை தேவகி. அது காதுக்கு வெக்கிற பரீட்சை. பேஸைக் காதா கேக்குது?"

துடைத்த இடம்

குடோனிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஒருமுறை நேரில் வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகும்போது, "பொட்டியை ஒரு தடவை ஓடவிட்டுப் பாத்துட்டு மூடி வெச்சுடு. யாருக்காவது குடுத்துடலாம். எனக்கு எதுக்கு அது?" என்றார். பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவர் மாதிரி அதன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெரு முனை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூரில் மழை என்றால் எனக்கு முதலில் கதவிடுக்குதான் ஞாபகம் வரும். நினைத்த மாதிரியே நிலைக்குக் கீழே தண்ணீர் கசிந்து ஹாலுக்குள் வந்துவிட்டது. அவர் சொன்னபடி பொட்டியில் அந்த ஊம் சத்தத்தை ஓடவிட்டேன். மாப் கட்டை உடைந்து கிடந்தது. பழைய துண்டை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். வெளியே மழை சீராகப் பெய்தது. உள்ளே ஊம் என்று அது சீராக ஏறி இறங்கியது. இரண்டும் கலந்து, ஹால் மெல்ல மெல்லக் கரைந்து போய், நான் எங்கோ தண்ணீருக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தேன். வாசலோரம் சத்தம் தோள் வரை நின்றது. டிவி பக்கம் இடுப்பு வரை. துடைத்துக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்தேன். திடீரென்று மழை மட்டும் கேட்டது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என் முதுகு எதிலோ முட்டி நின்றிருந்தது: அவருடைய பிரம்பு நாற்காலி. தலைக்கு மேலே தொட்டில் கொக்கி. ஒரு கை முன்னால் வைத்தேன், சத்தம் வந்தது. பின்னால் வந்தேன், போயிற்று. முன்னால், பின்னால், முன்னால். சதுர ஹாலில் நட்டநடுவே பள்ளம் விழும் என்பது எனக்குத் தெரியாததா? ஊரார் ஹாலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! நாற்காலி சுவரோரம் கிடந்த காலத்தில் அளந்து வைத்த வீடு. சொந்த வீட்டை யார் மறுபடி அளக்கிறார்கள்? துண்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

அப்படியே மறுபடி நாற்காலியைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். பாதி வழியில் ரோடெல்லாம் தண்ணீர், குடோன் வரை போக முடியவில்லையாம். குடை சொட்டச் சொட்ட வாசலில் நின்று, "இன்னாடி இது, நம்ம வூட்லயே ஆரம்பிச்சுட்டியா?" என்றார். உட்காருங்க என்றேன். ஈரச் சட்டையோடு உட்கார்ந்தார். ஊம் சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் மிருதங்கப் பாட்டைப் போட்டேன். கேக்குதா என்றேன். "எங்க கேக்குது? விடேன் அதை" என்றார். நான் விடவில்லை. நாற்காலியின் பின்னால் போய், அவரோடு சேர்த்து அதைத் தள்ளினேன். ஈரத் தரையில் அது படகு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. "ஏய், ஏய்" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தொப்பிப் பக்கம் அவருக்குள் வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து இறங்குகிறவர் மாதிரி முதலில் கால் விரல், பிறகு முட்டி, பிறகு நெஞ்சு. சுவரில் இடித்து நாற்காலி நின்றது. கையைத் தூக்கினார். இந்தத் தடவை அது காற்றில் தொட்டிலைத் தேடவில்லை. தொடையில் தாளம் போட்டது. பாட்டு முடிகிறவரை போட்டது. மழையும் கொஞ்சம் குறைந்தது. நான் துண்டைப் பிழிந்துகொண்டே அவர் வாயையே பார்த்தேன். நாற்காலி விட்டுவந்த இடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அப்ப இத்தினி நாளா அந்த எடத்தை நீ தொடைக்கவே இல்லியாடி?"

நாற்காலி சுவரோரம் போயிற்று, குடோன் வேலை வேறு யாருக்கோ போயிற்று, பொட்டி எங்கேயும் போகவில்லை. ஆனால் அந்தத் தொட்டிலில் பாப்பா அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியது ரத்தத்தாலா, பள்ளத்தாலா என்பதை மட்டும் நான் இன்றுவரை அவருக்கு அளந்து காட்டவில்லை.